வீட்டுத் தோட்டமும் சுதேசியமும்

வைகை அணையின் நீர் ஆவியாகி வீணாவதைத் தடுக்கும் பொருட்டு, 2017ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் தெர்மாகோல் அட்டைகளை நீரின்மேல் பரப்பினார்கள். காற்று அவற்றைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்கிவிட்டது. நாடெங்கும் ஜனங்கள் நகைத்தார்கள். நகைத்தவர்களை நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். அணை நீருக்குப் போர்வை தேடியவர்களைப் பரிகசித்த நாம், நமது வீட்டுக் கொல்லையின் மண்ணுக்கு என்ன போர்வை அளித்திருக்கிறோம்?

1895ஆம் வருஷம் முதல் பெரியாற்று நீர் மலையைத் துளைத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பாய்கிறது. 1959ஆம் வருஷம் வைகை அணை திறக்கப்பட்டது. நீருக்காக இவ்வளவு பாடுபட்ட நாம், அந்த நீரை ஏந்தும் மண்ணைப் பற்றிக் கவலை கொண்டோமில்லை. 71 அடி நீர் தேக்கும் இவ்வணையில் இன்று வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்திருக்கிறது. அவ்வண்டல் யாது? மேலே எங்கோ மூடாமல் கிடந்த மண்ணை மழை கரைத்துக் கொணர்ந்ததேயன்றி வேறல்ல. மலைச்சரிவில் நடக்கும் இந்நஷ்டமே, சிறிய அளவில், ஆண்டிபட்டியிலும் தேனியிலும் ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் நடக்கிறது. கத்தரியும் வெண்டையும் ஓய்ந்த பாத்திகளைக் கொத்திவிட்டு வெறுமையாய்ப் போடுகிறோம். ஐப்பசி மழை வந்து மேல்மண்ணை வாரிச் செல்கிறது. தை மாதத்தில் எஞ்சிய மண்ணில் யூரியாவைத் தூவிப் பலனை எதிர்பார்க்கிறோம்!

இதற்குப் பரிகாரம் எளிது. புரட்டாசி முடிவில், முதல் மழை ஈரத்தில், ஓய்ந்த பாத்திகளில் பசுந்தாள் உரப் பயிரை விதைத்துவிட வேண்டும். நீர் தேங்கும் நிலத்திற்கும் களர் நிலத்திற்கும் தக்கைப்பூண்டு ஏற்றது. நீர் வடியும் நிலத்திற்குச் சணப்பை நன்று. மழை குறைந்த செம்மண்ணுக்குக் கொளுஞ்சியே தக்கது. அதை ஆடு மாடுகள் எளிதில் தொடுவதில்லை. கொளுஞ்சி விதையின் தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால் முளைப்பு நன்றாயிருக்கும். ஒரு சென்ட் நிலத்துக்குத் தக்கைப்பூண்டு விதை ஏறத்தாழ 200 கிராம் போதும். நன்கு வளர்ந்தால் 45 நாட்களில் 80 கிலோவுக்குக் குறையாத பசுந்தழை கிடைக்கும். பூக்கத் தொடங்கும் தருணத்தில், தண்டு முற்றுமுன், வெட்டி மண்ணில் மடக்கிவிட வேண்டும். இரண்டு வாரம் மக்கவிட்டுப் பிறகு காய்கறி நாற்றை நடலாம். காலம் தாழ்த்துபவர்கள் நாராகிப்போன தண்டோடு போராட நேரும், மக்குவதும் தாமதமாகும்.

இது வெறும் நம்பிக்கையன்று. இப்பயிர்களின் வேர்களில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கவர்ந்து செடிக்குக் கொடுக்கின்றன. இவ்வுண்மையை ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிகள் 1880களில் பரிசோதனை செய்து நிரூபித்தார்கள். காரணத்தை அவர்கள் கண்டறிவதற்கு வெகு காலம் முன்னரே, அவரையினப் பயிரால் நிலம் வளம் பெறுவதை நமது குடியானவன் அநுபவத்தில் அறிந்திருந்தான். மக்கிய தழை மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மழை நிழலில் கிடக்கும் ஆண்டிபட்டிப் பகுதிக்கு இதைக்காட்டிலும் வேண்டுவது வேறென்ன?

சிலர் ஆட்சேபிக்கக்கூடும். "இரண்டு மாதம் பாத்தியில் காய் பறிக்க முடியாதே" என்பார்கள். தோட்டம் முழுவதையும் ஒருங்கே விதைக்கும்படி நாம் சொல்லவில்லை. வருஷத்திற்கு மூன்றில் ஒரு பங்காக முறை வைத்துச் செய்யலாம். "மூட்டை உரம் மலிவாய்க் கிடைக்கிறதே" என்பது மற்றொரு வாதம். அது மலிவாய்க் கிடைப்பது சர்க்கார் தரும் மானியத்தால். அந்த மானியம் வருஷத்திற்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேலாகிறது. அது ஜனங்களின் வரிப்பணம். யூரியா செய்யும் எரிவாயுவில் பெரும்பகுதி அந்நிய நாட்டிலிருந்து வருகிறது. யூரியாவும் கப்பலில் வந்து இறங்குகிறது. தலைக்குமேல் காற்றில் நிறைந்து கிடக்கும் சத்தை விட்டுவிட்டு, அதையே கடல் கடந்து விலைக்கு வாங்குவது எவ்வகைப் பொருளாதாரம்? பசுந்தாள் ஒன்றே எல்லாச் சத்தையும் கொடுத்துவிடும் என்று நாம் கூறவில்லை; சாம்பலும் தொழுவுரமும் வேண்டியவையே. ஆனால் தழைச்சத்துக்காகவேனும் பிறர் வாயிலில் நிற்க வேண்டியதில்லை.

இம்மதுரைச் சீமையின் தே. கல்லுப்பட்டியில் தமது இறுதிக் காலத்தைக் கழித்த ஜே. சி. குமரப்பா, இயற்கை மீண்டும் நிரப்பித் தரும் செல்வத்தைக் கொண்டு வாழ்வதே நிலைத்த பொருளாதாரம் என்று போதித்தார். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத விவசாயம் கொள்ளையேயாகும்.

தமிழ்நாடு சர்க்கார் 2024ஆம் வருஷத்து வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், மண் வளத்துக்கான திட்டத்தில் பசுந்தாள் உர விதை வழங்குவதையும் சேர்த்தது. இது போற்றத்தக்கதே. எனினும் சர்க்கார் விதை வரும்வரை காத்திருப்பது சுயராஜ்ய புத்தியாகாது. ஊருக்கொருவர் சிறிது சணப்பையை முற்றவிட்டு விதை சேர்த்தால், அடுத்த வருஷம் ஒரு தெருவுக்கே விதை கிடைத்துவிடும்.

மேடையேறிச் சுதேசியம் பேசும் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பேச்சைக் கேட்பவர்கள் உங்கள் கொல்லையையும் பார்ப்பார்கள். இவ்வருஷம் புரட்டாசி கழியுமுன் ஒரு பாத்தியிலேனும் விதை தூவுங்கள். அதற்குப் பின்னர் அணைக்குப் போர்வை தேடியவர்களைக் கண்டு நகைக்கலாம்.