குற்றவாளிதான், எத்தனை வருடம்?

குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று நீதிபதி அறிவித்ததும் வழக்கு முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே இன்னொரு விசாரணை தொடங்க வேண்டும். "தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று நீதிபதி கேட்பார். வயதான அம்மா இருக்கிறார், பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், குறைந்த தண்டனை தாருங்கள் என்பது வழக்கமான பதில். 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் இந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கியது. அது வெறும் சடங்கு அல்ல என்பதை 1976இல் சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உணர்த்தியது. அந்தக் கேள்வி கேட்கப்படாததால் மரண தண்டனையை ரத்து செய்து, தண்டனையை மட்டும் மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கீழ் நீதிமன்றத்துக்கே அனுப்பியது.

ஏன் இத்தனை கவனம்? தண்டனைக்கு ஒரே நோக்கம் இல்லை என்பதால்தான். இருபது வயது இளைஞன் ஒருவன் செயின் பறித்துப் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். செய்ததற்கு அவன் அனுபவித்தாக வேண்டும் என்பது பறிகொடுத்தவரின் எண்ணம். அடுத்தவனுக்குப் பயம் வரவேண்டும் என்பது போலீசின் கவலை. உள்ளே இருக்கும்வரை தெரு நிம்மதியாக இருக்கும் என்பது அக்கம்பக்கத்தார் கணக்கு. ஆனால் சிறையிலிருந்து இன்னும் தேர்ந்தவனாக வெளியே வந்தால்? இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா இந்தக் குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. 1958இன் நன்னடத்தைச் சட்டமோ, 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்பினால் அதற்கான காரணத்தை எழுதிவைக்கச் சொல்கிறது. இரண்டும் சட்டம்தான். எதன் பக்கம் சாய்வது என்பது நீதிபதியின் கையில்.

அந்தக் கை எவ்வளவு மாறுபடும் என்பதற்கு ஹர்பன்ஸ் சிங் வழக்கு போதும். உத்தரப் பிரதேசத்தில் ஒரே கொலை வழக்கில், ஒரே அளவு பங்கு கொண்ட மூவருக்கு மரண தண்டனை. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள், வெவ்வேறு அமர்வுகள் விசாரித்தன. காஷ்மீரா சிங்குக்கு ஆயுளாகக் குறைந்தது. ஜீதா சிங் 1981 அக்டோபர் 6ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். ஹர்பன்ஸ் சிங்கின் மனு தள்ளுபடியாகியிருந்தது. கடைசி நேரத்தில் இந்த முரண்பாடு நீதிபதிகளின் கண்ணில் பட, அவரது தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்கு 1982இல் பரிந்துரைத்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், பச்சன் சிங் வழக்கில், 'அரிதினும் அரிதான' வழக்குக்கே தூக்கு என்று அதே நீதிமன்றம் வரம்பு கட்டியிருந்தது.

ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு வருடம் என்பது டீக்கடைச் சட்டம். ஆயுள் என்றால் ஆயுள்தான் என்று 1961இல் கோபால் கோட்சே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலை போன்ற வழக்கில் ஆயுள் கைதியை அரசு தண்டனைக் குறைப்பு தந்து விடுவிக்க நினைத்தாலும், அவர் குறைந்தது பதினான்கு வருடம் உள்ளே இருந்திருக்க வேண்டும். அந்த எண் வந்த வழி அதுதான்.

செய்தித்தாள்களில் மிரட்டும் 'மொத்தம் 60 ஆண்டு சிறை' என்ற தலைப்பும் இப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதுதான். பல குற்றங்களுக்குத் தனித்தனியாக விதித்த தண்டனைகளை 'ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தால், அவற்றில் நீளமான ஒன்றுதான் கணக்கு.

தண்டனை அளவுக்கு வழிகாட்டு நெறி வேண்டும் என்று 2003இல் குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்கான மளிமத் குழு கேட்டது. நாடு முழுமைக்குமான நெறி வரவில்லை. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1 முதல் தண்டனைப் பட்டியலில் சமூக சேவை சேர்ந்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பித் தந்தால் சிறை கிடையாது, சமூக சேவைதான். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவருக்கும் அதை விதிக்கலாம். மருத்துவமனையைப் பெருக்குவதா, மரக்கன்று நடுவதா, எத்தனை நாள் என்பதையெல்லாம் சன்ஹிதா சொல்லவில்லை. அந்தந்த மாஜிஸ்திரேட்தான் முடிவு செய்ய வேண்டும்.