பகுதி 11: வெடித்த விண்மீனின் ஊர்

1998 ஏப்ரல் 25ஆம் திகதி பெப்போசாக்ஸ் செய்மதி ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. நாளே அதன் பெயரும் ஆயிற்று: ஜிஆர்பி 980425. அது நிகழ்ந்த இடத்தைத் தேடியபோது அங்கே ஒரு சூப்பர்நோவாவும், அதைச் சுமந்த சிறிய சுருள் மண்டலமும் அகப்பட்டன. ஈஎஸ்ஓ 184-ஜி82 எனும் அந்த விண்மீன் மண்டலம் சுமார் 12 கோடி ஒளியாண்டு தொலைவில், தென்வானில் இருக்கிறது. ஓகஸ்ட் நடுப்பகுதியில், கச்சான் வறண்டு வீசும் ஊவாத் தோட்டங்களுக்கு மேலே, இரவு பத்து மணி வாக்கில் அது உச்சம் தொடும். பதுளையிலிருந்து தெற்கு அடிவானுக்கு மேல் ஏறக்குறைய 30 பாகை உயரம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு செக்கனுக்கு மேல் நீடிக்கும் வெடிப்புகளில் பெரும்பாலானவை மிகப் பெரிய விண்மீன்களின் மரணம். (2021 டிசம்பரில் ஏறத்தாழ 50 செக்கன் நீடித்த ஒரு வெடிப்பு, இரண்டு செறிவான விண்பொருட்கள் மோதியதால் வந்தது என்று தெரிந்தது. அதை ஆராய்ந்ததில் நைனிதாலுக்கு அருகிலுள்ள தேவஸ்தல் தொலைகாட்டிக்கும் பங்குண்டு. நேர அளவை மட்டும் நம்பக்கூடாது.) பெரிய விண்மீன்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளே வாழ்வதால், பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை. ஆகவே வெடிப்பு நிகழும் இடத்தில் அண்மையில்தான் விண்மீன்கள் பிறந்திருக்கின்றன.

ஆதிகால ஆய்வுக்கு இது பெரிய வரம். வழக்கமான வான் கணக்கெடுப்பில் ஒளி மிகுந்த மண்டலங்களே முதலில் சிக்கும். வெடிப்போ தன் மண்டலம் எத்தனை மங்கலாயினும் இடத்தைக் காட்டிவிடும். வெடிப்பின் பின்னொளி அம்மண்டலத்து வாயுவினூடே வருவதால், ஐதரசன் எவ்வளவு, உலோகங்கள் (வானியலில், ஹீலியத்தை விடக் கனமான மூலகங்கள்) எவ்வளவு என்பதையும் நிறமாலையில் படிக்கலாம். ஜிஆர்பி 090423 நிகழ்ந்தபோது பிரபஞ்சத்தின் வயது சுமார் 63 கோடி ஆண்டுகள்தான். இதுபோன்ற ஆறு தொலைதூர வெடிப்புகளின் மண்டலங்களை ஹபிள் தேடிப் பார்த்தது. ஒன்றுகூடத் தென்படவில்லை. 2012இல் வெளியான அந்த வெறுமையான முடிவே மதிப்பு மிக்கது: அக்காலத்து விண்மீன்களில் பெரும்பகுதி, அன்றைய தொலைகாட்டிகளுக்கு எட்டாத சின்னஞ்சிறு மண்டலங்களில் பிறந்திருக்க வேண்டும்.

எட்டாதவற்றின் உட்புறத்தை அறிய அண்மையிலுள்ளதைத்தான் பார்க்க வேண்டும். பூனாவுக்கு வடக்கே, கோடாட் கிராமத்தை ஒட்டிப் பரந்திருக்கும் 30 தட்டுகள் கொண்ட ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைகாட்டி, ஈஎஸ்ஓ 184-ஜி82ஐ நோக்கியது. அங்கிருந்து அது அடிவானுக்கு மேல் 18 பாகைதான் எழும். பார்க்கக் கிடைப்பது சொற்ப நேரம். ஆயினும் ஐதரசன் அணுக்கள் வெளியிடும் 21 சென்றிமீற்றர் அலை பிடிபட்டது. 2015இல் வெளியான இந்த ஆய்வுதான் ஒரு வெடிப்பு மண்டலத்தின் ஐதரசனை இவ்வழியில் அளந்த முன்னோடி. நூறு கோடி சூரியன்களுக்குச் சற்றுக் குறைந்த நிறையில் வாயு இருந்தது. அதுவும் கலைந்து கிடந்தது. பின்னர் 2019இல் வந்த நுண்ணிய படங்களில் வாயு ஒரு வளையமாகத் தெரிந்தது. சிறிய அயல் மண்டலம் ஒன்று ஊடுருவிச் சென்றதன் தடம் அது. மோதலில் நெருக்குண்ட வாயுவிலிருந்தே வெடித்த பெருவிண்மீன் பிறந்ததென்பது ஆய்வாளர் விளக்கம்.

வெடிப்புகளைக் கொண்டு விண்மீன் பிறப்பை அளக்கும் இந்த அளவுகோலில் ஒரு சாய்வும் உண்டு. உலோகம் குறைந்த மண்டலங்களிலேயே இவ்வெடிப்புகள் அதிகம்; அண்மைக் காலத்து உலோகம் மலிந்த பெரிய மண்டலங்கள் கணக்கில் குறைந்துபோகும். பின்னோக்கிப் போகப் போக எங்கும் உலோகம் குறைவு என்பதால், முதல் நூறு கோடி ஆண்டுகளுக்கே இந்த அளவு கூடுதலாகப் பொருந்துகிறது.