விதை மாறிய கணக்கு

சென்ற ஆண்டு நான் கொடுத்த பிராண்டிவைன் தக்காளி விதையில், பெரிய இளஞ்சிவப்புப் பழத்துக்குப் பதிலாகச் சிறிய சிவப்புப் பழம் காய்த்ததாகச் சிலர் அறியத்தந்தீர்கள். தவறு என்னுடையது.

தக்காளிப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் பிராண்டிவைன் போன்ற சில பழைய இனங்களில் சூல்முடி வெளியே நீட்டியிருக்கும். பக்கத்தில் நான் நட்ட செர்ரித் தக்காளியின் மகரந்தத்தைத் தேனீ அதில் சேர்த்துவிட்டது. அவ்வாண்டுப் பழத்தில் கலப்புத் தெரியாது. சென்ற ஆண்டுக் கணக்குப் பிழை இவ்வாண்டு ஆரம்ப மீதியில் வருவதுபோல, மறு விதைப்பில்தான் தெரியும்.

அசல் நாற்றின் இலை உருளைக்கிழங்கு இலைபோல் விளிம்பில் வெட்டின்றி இருக்கும். வெட்டுள்ளவற்றை ஒதுக்குங்கள். விதைக்கான பூங்கொத்தை மலருமுன் வலைத்துணியால் மூடுங்கள்.

கலப்புப் பழம் கறிக்கு ஆகும், விதைக்கு ஆகாது.