கடனா, காத்திருப்பா? ஒரு நகரம் கேட்ட வாக்கு

நகரம் ஒன்றுக்குச் சாலை வேண்டும், பாலம் வேண்டும், பூங்காவும் நூல்நிலையமும் வேண்டும். இவற்றுக்குப் பணம் தேடும் வழியை நகரசபை உறுப்பினர்களே கூடி முடிவு செய்வது ஒரு முறை. வாக்காளர் ஒவ்வொருவரின் முன்பும் அந்தக் கேள்வியை வைத்து, "சம்மதமா, இல்லையா?" என்று கேட்பது மற்றொரு முறை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரங்கள் பலவற்றில் இந்த இரண்டாவது முறை வழங்கி வருகிறது. அதனை விளக்குவதற்கு ஓக்லஹோமா ராஜ்யத்தின் தலைநகராகிய ஓக்லஹோமா நகரத்தின் வரலாறு மிகவும் பயன்படும்.

கேள்வி இரு வடிவங்களில் வருவதுண்டு. முதலாவது கடன் பத்திரம். நகரசபை பத்திரங்களை விற்று உடனே பணம் பெறுகிறது. வேலையை உடனே தொடங்குகிறது. பிறகு பல ஆண்டுகள் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தத் தொகை வீடு, நிலம் முதலியவற்றின் மீது விதிக்கும் சொத்து வரியிலிருந்து வருகிறது. நகரம் ஒன்று தன் ஆண்டு வருமானத்தை மீறிக் கடன்பட வேண்டுமானால் வாக்காளரின் இசைவைப் பெறவேண்டும் என்பது ஓக்லஹோமா ராஜ்யத்தின் அரசியல் சட்டம். 25 ஆண்டுகளுக்குள் கடனைத் தீர்ப்பதற்கான வரியையும் விதித்தாக வேண்டும். ஆகவே இன்று வாக்களிப்பவரின் குழந்தைகளும் அந்தக் கடனில் பங்கு கொள்கிறார்கள். அவர்கள் அந்தப் பாலத்தின் மீது நடக்கப் போகிறவர்கள் ஆதலால், இதனை அநீதி என்று சொல்வதற்கில்லை.

இரண்டாவது, குறித்த காலத்துக்கு மட்டும் விதிக்கும் விற்பனை வரி. இதில் வட்டிச் சுமை இல்லை. ஆனால் பணம் சேரும் வரை காத்திருக்க வேண்டும்.

ஓக்லஹோமா நகரம் இந்த இரண்டாவது வழியை நாடியதற்கு ஓர் ஏமாற்றம் காரணமாயிற்று. 1991ஆம் ஆண்டில் யுனைடெட் விமானக் கம்பெனி தன் விமானங்களைப் பழுது பார்ப்பதற்குப் பெரிய நிலையம் ஒன்று அமைக்க இடம் தேடியது. அதனை வரவேற்பதற்காகப் புதிய வரியொன்றை ஏற்கவும் நகர மக்கள் இசைந்து வாக்களித்தனர். எனினும் கம்பெனி இண்டியானாபொலிஸ் நகரத்தையே தேர்ந்தெடுத்தது. பணத்தில் குறையில்லை, குடும்பத்தோடு வந்து வாழத்தக்க கவர்ச்சி நகரத்தில் இல்லை என்பதே காரணம் என்று பின்னர் பேசப்பட்டது. மேயர் ரான் நோரிக் அதிலிருந்து ஒரு பாடம் கற்றார். பிறரை அழைக்கச் செலவிடும் பணத்தை நகரத்தின் மீதே செலவிட்டால் என்ன என்பது அவர் எண்ணம்.

1993ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரி. அதாவது நூறு டாலருக்குப் பொருள் வாங்குபவர் ஒரு டாலர் கூடுதலாகத் தரவேண்டும். காலம் ஐந்தே ஆண்டுகள். வேலைகள் ஒன்பது: பந்தாட்ட மைதானம், கால்வாய், உள்ளரங்கம், நூல்நிலையம், நதிச் சீரமைப்பு முதலியன. ஒன்பதுக்கும் சேர்த்து ஒரே கேள்வி. நூல்நிலையம் வேண்டும், மைதானம் வேண்டாம் என்று பொறுக்கி எடுக்க இடமில்லை. தனித்தனியாகக் கேட்டிருந்தால் சில தோற்றிருக்கும் என்று எண்ண இடமுண்டு. நூற்றுக்கு ஏறக்குறைய 54 பேர் இசைந்தனர். வெற்றி நூலிழையில் தொங்கியது எனலாம்.

பின்னர் வந்ததுதான் கடினமான காலம். வரி மாதந்தோறும் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கட்டடம் எதுவும் தெரியவில்லை. மைதானம் 1998இல்தான் திறக்கப்பட்டது. செலவு மதிப்பீட்டை மீறவே, அதே ஆண்டு டிசம்பரில் வரியை ஆறு மாதம் நீட்டிக்க மறுபடியும் மக்களிடம் செல்ல நேர்ந்தது. அவர்கள் மறுக்கவில்லை. 66 மாதங்களில் 30 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. சேர்த்து வைத்த பணம் ஏறக்குறைய 5 கோடியே 40 லட்சம் டாலர் வட்டியும் ஈட்டியது. கடன் வாங்கியிருந்தால் வட்டி கொடுக்க வேண்டியிருக்கும். இங்கோ வட்டி வந்தது! சொன்ன சொற்படி வரியும் 1999இல் நின்றது.

நதியின் கதை சுவையானது. நகரின் ஊடே செல்லும் வட கனேடியன் நதி, வெள்ளத் தடுப்புக்காக நேராக்கப்பட்டுப் பெரும்பகுதி வறண்டு கிடந்தது. நதியில் புல் வெட்ட வேண்டிய ஊர் என்று உள்ளூரார் தங்களைத் தாங்களே கேலி செய்து கொண்டனர். சிற்றணைகள் கட்டி நீரைத் தேக்கிய பின், ஏழு மைல் நீளம் நீர் நிறைந்தது. 2004இல் அப்பகுதிக்கு ஓக்லஹோமா நதி என்றே பெயரிட்டனர். இன்று அங்கே படகுப் போட்டிகள் நடக்கின்றன.

இதனால் நகரம் கடனை அறவே துறந்துவிட்டது என்று கருதலாகாது. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி இரு வழிகளையும் ஒருங்கே மக்கள் முன் வைத்தது. 96 கோடியே 70 லட்சம் டாலருக்கான கடன் பத்திரங்கள் பதின்மூன்று தனித்தனிக் கேள்விகளாக வந்தன. உடன், சாலைகளுக்காக 27 மாத காலத்துக்கு ஒரு சென்ட் வரி. போலீஸ், தீயணைப்புப் பணிகளுக்காக நிரந்தரமாகக் கால் சென்ட் வரி. யாவும் நிறைவேறின. பழுதான சாலை காத்திருக்காது. ஆதலால் அதற்குக் கடனும் வேண்டியிருந்தது.

விற்பனை வரியில் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் தகாது. வெளியூரிலிருந்து வந்து பொருள் வாங்குபவரும் அதனைச் செலுத்துகிறார் என்பது நகரத்துக்கு இலாபமே. ஆயினும் ஏழை தன் வருமானத்தில் பெரும்பங்கை அன்றாடப் பொருள்களுக்குச் செலவிடுகிறான். செல்வன் சிறுபங்கையே செலவிடுகிறான். ஒரே சென்ட் இருவர் தோளிலும் ஒரே பாரமாக அமர்வதில்லை. 2024இல் ஓக்லஹோமா ராஜ்யம் மளிகைப் பொருள்களின் மீதிருந்த தன் வரியை நீக்கியது. ஆனால் நகரங்களின் வரி அவ்வாறு நீங்கவில்லை. அந்த வருமானத்தை நம்பியே அவற்றின் அன்றாட நிர்வாகம் நடைபெறுகிறது.