கட்டிலை மாற்றலாம், கதிர்வீச்சு அறையை மாற்ற முடியுமா?

ஊட்டியில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை 2025 ஏப்ரல் 6 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். பழங்குடியினருக்குத் தனி வார்டும் அதில் உண்டு. ஆனால் புற்றுநோய்க்கு ‘கரண்ட்’, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், நீலகிரி நோயாளிகள் பெரும்பாலும் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். புது இடம் கிடைத்தும் கதிர்வீச்சுப் பிரிவு மட்டும் ஏன் எளிதில் மலையேறுவதில்லை?

மற்ற வார்டுகளைக் கட்டில், மருந்து அலமாரியோடு சில நாள்களில் இடம் மாற்றிவிடலாம். கதிர்வீச்சு தரும் லீனியர் ஆக்சிலரேட்டர் அப்படியல்ல. கதிர் வெளியே கசியாதிருக்க, அது நேரே படும் சுவர் ஏறக்குறைய 2 மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட்டாக இருக்க வேண்டும். கட்டட வரைபடத்துக்கே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் தேவை. இயந்திரத்தைப் பொருத்திய பிறகும் மருத்துவ இயற்பியலாளர்கள் கதிரின் அளவை வாரக்கணக்கில் சோதித்துப் பார்ப்பார்கள். அதன்பின் வாரியம் உரிமம் தந்தால்தான் முதல் நோயாளியைப் படுக்க வைக்கலாம். நீலகிரியில் இன்னொரு கவலையும் உண்டு. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மலை இது. இவ்வளவு கனத்த கட்டுமானத்தை எந்தச் சரிவில் நிறுத்துவது என்பதை மண்ணைச் சோதித்துத்தான் முடிவு செய்ய முடியும்.

கதிர்வீச்சு மலைக்கு வராததற்கான விலையை நோயாளி தன் உடம்பால் கொடுக்கிறார். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வாரம் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரங்கள் கரண்ட் வைப்பது வழக்கம். ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள்தான். அதற்காக ஊட்டியிலிருந்து கோவைக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியோடு தினம் போய்த் திரும்ப முடியாது. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இன்னும் தூரம். கீழே அறை எடுத்துத் தங்கினால், தேயிலை பறிக்கும் பெண்ணுக்குக் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அதனால் பாதியில் விட்டுவிடும் ஆபத்து உண்டு. விட்டுவிட்டால் சிகிச்சையின் பலன் குறையும். காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்கலாம். இழந்த கூலியைத் தராது.

இங்கிலாந்தின் கிளாட்டர்பிரிட்ஜ் புற்றுநோய் மையம் செய்தது கவனிக்கத்தக்கது. தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய பொது மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக, 2020இல் அது லிவர்பூல் நகரில் புதுக் கட்டடம் திறந்தது. ஆனால் விர்ரல் பகுதியிலிருந்த பழைய இடத்தை மூடிவிடவில்லை. அங்கே கதிர்வீச்சு தொடர்கிறது. இடம் மாறும்போது நோயாளியின் வழியும் மாறுகிறது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

நமக்கும் எல்லாம் ஒரே நாளில் வந்தாக வேண்டியதில்லை. கீமோவுக்கு இந்தத் தடித்த சுவர்கள் தேவையில்லை; பயிற்சி பெற்ற செவிலியர்களும், மருந்தைப் பாதுகாப்பாகக் கலக்கும் அறையும், அவசரத்துக்கு மருத்துவரும் வேண்டும். மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்று ஆண்டுகளில் புற்றுநோய்ப் பகல்நேர மையங்கள் அமைப்பதாக 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்தது. கீமோவும், தொடர் பரிசோதனையும், வலி தணிக்கும் சிகிச்சையும் ஊட்டியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் முறையாகக் கிடைத்தால், கீழே இறங்கும் பயணம் கதிர்வீச்சுக்கும் பெரிய அறுவைச் சிகிச்சைக்கும் மட்டும் என்றாகிவிடும்.

அந்தப் பயணத்துக்கும் அரசு இரண்டு காரியம் செய்ய வேண்டும். கோவையில் மலை நோயாளிகளும் துணைக்கு வருபவர்களும் சிகிச்சை முடியும்வரை இலவசமாகத் தங்க ஓர் இல்லம் வேண்டும். ஊட்டியில் கதிர்வீச்சு அறைக்கான நிலத்தை, மண் பரிசோதனை செய்து, இப்போதே ஒதுக்கி வைக்க வேண்டும்.