கம்பி தின்ற அலை

காரைதீவில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மாவடிப்பள்ளி வயல்வெளியைக் கடந்து சம்மாந்துறைக்குள் நுழைகிறவர் வீட்டுக் கூரைகளைச் சற்றே அண்ணாந்து பார்ப்பாராயின், இரண்டு யுகங்கள் ஒரே பைப்பில் கட்டுண்டு நிற்பதைக் காண்பார். 1982ஆம் ஆண்டில் ரூபவாஹினி தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிய பின்னர் ஊரெங்கும் முளைத்த மீன்முள் அன்டெனாக்கள் இன்று காகங்களுக்கு ஆசனமாகிவிட, அவற்றின் அருகிலேயே ஒரு வெள்ளைப் பெட்டியோ, விரல்நீளக் குச்சிகள் பதித்த சிறு கம்பியோ புதிதாய் இடம்பிடித்திருக்கிறது. பைபர் வயர் வந்து சேராத ஒழுங்கைகளிலும், வட்டையோரத்து வளவுகளிலும், டவரிலிருந்து காற்றில் வருகிற அலையே இணையத்துக்குக் கதி. அந்த அலை வீட்டுக்குள் வருமுன்னரே சோர்ந்துவிடுமாயின், அதைத் தேடிக் கூரைமேல் ஏறுவதைத் தவிர வேறு உபாயமில்லை.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வளவில் இருக்கும் காக்கா ஒருவர், கட்டாரில் வேலைபார்க்கும் மகனின் முகம் இரவு நேரங்களில் பாதிப்பேச்சில் உறைந்துபோவதைச் சகிக்கமாட்டாமல், சென்ற மாரிக்கு முன்னர் ஓர் அன்டெனாவை வாங்கி, இருபதடி ஜீ.ஐ. பைப்பின் உச்சியில் பொருத்தி, அதனோடு கூடவே வந்த மெல்லிய கறுப்பு வயரைப் பதினைந்து மீற்றர் இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே கொணர்ந்து ரவுட்டரில் செருகிவிட்டு என்னை அழைத்தார். "தம்பி, இவ்வளவு உசரத்துல ஏத்தியும் ஒரு கோடும் கூடல்லியே, ஏமாத்திட்டானுகளோ?" என்றார். ரவுட்டரின் உள்விபரங்களைத் திறந்து பார்த்தேன். அலையின் வலுவைக் காட்டுகிற, முன்னர் −108 என்றிருந்த இலக்கம் இப்போது −106 என்றிருந்தது. அன்டெனாவில் பழுதில்லை, விற்றவனும் குற்றவாளியில்லை. களவு வயருக்குள் நடந்திருந்தது.

அந்த இலக்கத்தின் பாஷையை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். ஒரு மில்லிவாற்றுச் சக்தியைப் பூச்சியமாக வைத்து, அங்கிருந்து டெசிபெல் என்னும் படிகளில் கீழே இறங்குகிற ஏணி இது. மூன்று படி இறங்கினால் சக்தி பாதியாகும், பத்துப் படி இறங்கினால் பத்திலொன்றாகும். ஆகவே −100 என்பது ஒரு மில்லிவாற்றை ஆயிரம் கோடிக் கூறாக்கி அதில் ஒரே ஒரு கூற்றை எடுப்பதற்குச் சமானம். −80ஐச் சுற்றி நின்றால் சௌக்கியம். −100க்குக் கீழே சிரமம். −120ஐ நெருங்கினால் இணைப்பே அறும். இத்தனை அற்பமான சக்தியிலிருந்து, கடல் கடந்த ஒரு பிள்ளையின் முகத்தையும் குரலையும் பிரித்தெடுத்துத் தருகிற அந்தச் சிறு பெட்டியின்மேல் நாம் எரிச்சல்படுவது நியாயந்தானா என்ற ஐயம் எனக்கு அடிக்கடி எழுவதுண்டு.

அன்டெனா சக்தியை உற்பத்தி செய்வதில்லை. வக்கடை வெட்டுகிறவன் மழையைப் பெய்விப்பதில்லை. பரந்து போகிற நீரைத் தன் வரவைக்குத் திருப்பிவிடுகிறான், அவ்வளவே. நாலா திசைக்கும் செவிகொடுத்துக்கொண்டிருக்கும் சாதாரணக் குச்சி அன்டெனாவை ஒரே திசைக்குக் கூர்மையாக்குகிற அந்த வித்தையை, ஜப்பானின் செண்டாய் நகரத்துத் தோஹோக்கு ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உடா என்பவரும் அவருடைய பேராசிரியரான ஹிதெட்சுகு யாகி என்பவரும் 1926இல் உலகுக்கு அறிவித்தனர். ஒரு குச்சி அலையை ஏற்கும், அதன் பின்னே நிற்பது பிரதிபலிக்கும், முன்னே வரிசையாக நிற்பவை வழிகாட்டும். நம் கூரைகளின் மீன்முள் இதுவே. பெரும்பாலான உழைப்பு உடாவினுடையது. உலகம் நினைவில் வைத்துக்கொண்டதோ யாகியின் பெயரை. அந்தப் பெயரையும் சொந்த நாடு அறிந்திருக்கவில்லை என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது: 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையினர், பிரித்தானியரின் ராடார்க் குறிப்பேட்டில் விளங்காத ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு கைதியிடம் பொருள் கேட்க, அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயரல்லவா என்று அவன் வியந்தானாம்.

குச்சியின் நீளம் அலையின் நீளத்தில் ஏறக்குறைய அரைப்பங்கு இருத்தல் வேண்டும் என்பது இந்த வித்தையின் விதி. பழைய தொலைக்காட்சி அலைக்கு அது ஒரு மீற்றரை நெருங்கியது. வீட்டு இணையம் இங்கே வருகிற 2300 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளமோ பதின்மூன்று சென்றிமீற்றர். குச்சி ஆறரை சென்றிமீற்றர். கூரையில் கிடக்கும் பழைய மீன்முள்ளையே ரவுட்டரில் பூட்டிவிடலாமென எண்ணுகிற சிக்கனக்காரர்கள் இதனாலேயே ஏமாறுகிறார்கள்.

இனி வயருக்கு வருவோம். அலையின் அதிர்வு கூடக்கூட மின்னோட்டம் செம்பின் உள்ளே புகாமல் மேற்றோலிலேயே ஓடத் தலைப்படும். 2300 மெகாஹேர்ட்ஸில் அந்தத் தோலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கைவிடச் சிறிதே அதிகம். அத்தனை ஒடுங்கிய பாதையில் செல்லும் மின்னோட்டம் தடையினாலும், செம்பைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக்கின் உறிஞ்சலினாலும் வழிநெடுகச் சூடாகி அழிந்துபோகிறது. காக்கா இழுத்த மெல்லிய வயர், மீற்றர் ஒன்றுக்குச் சுமார் ஒரு டெசிபெல் தின்னும் ஜாதி. சுவருக்கு வெளியே வந்ததாலும், உயர்ந்ததாலும், திசையைக் குவித்ததாலும் அன்டெனா ஈட்டியது பதினெட்டு என்று கொண்டால், பதினைந்து மீற்றர் வயரும் இருமுனைப் பூட்டுகளும் விழுங்கியது பதினாறு, மிஞ்சியது இரண்டு. தொலைக்காட்சிக் காலத்தில் இந்தக் கணக்கு நம்மைச் சுட்டதில்லை. இதே வயர் 200 மெகாஹேர்ட்ஸில் நான்கு டெசிபெல் அளவே தின்றிருக்கும். அன்றியும், தொலைக்காட்சி கேட்பதோடு சரி, ரவுட்டரோ டவருக்குப் பதிலும் சொல்லவேண்டும். அது பேசுகிற குரலின் உச்சபட்ச வலு 200 மில்லிவாற்று. அதுவும் அதே வயரில் ஏறி அன்டெனாவை அடையும்போது ஐந்தாகியிருக்கும்.

பரிகாரம் இரண்டு. தடித்த, நட்டம் குறைந்த வயரை வாங்கி இயன்றமட்டும் குறுகிய நீளத்தில் இழுக்கலாம். அந்த ஜாதியில் மீற்றருக்குக் கால் டெசிபெல்லே நட்டம், ஆயின் விலை கையைக் கடிக்கும். அதனினும் மேலான யுக்தி, ரவுட்டரின் வானலைப் பகுதியையே மழைக்கு அஞ்சாத பெட்டியாகக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்து சாதாரண நெட்வேர்க் வயரைக் கீழே இறக்குவது. அந்த வயரில் வருவது இலக்கங்களாக மாற்றப்பட்ட செய்தி. நூறு மீற்றர் வரை குறைவின்றி வரும், மின்சாரமும் அதிலேயே மேலேறும். எதைச் செய்தாலும் பைப்பை நிலத்தோடு செம்புக் கம்பியால் பிணைத்துவிடவேண்டும். ஐப்பசி இடிமின்னல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

காக்கா இரண்டாவதைச் செய்தார். இலக்கம் −90க்கு ஏறியது. ஆனால் அடைமழை பிடித்த மார்கழியில் −97க்குச் சரிந்தது, மழை விட்டு வெயில் ஏறியதும் மீண்டது. மழைத்துளி அலையை மறைக்கிறது என்று ஊரார் சொல்வர். பத்தாயிரம் மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளுக்கு அது மெய்யே, செய்மதித் தொலைக்காட்சிக்காரர் அறிவார்கள். 2300இல் மழை குற்றமற்றது. குற்றம் நனைந்த ஓலைகளில். இரண்டு கிலோமீற்றர் தொலைவிலுள்ள டவருக்கும் வீட்டுக்குமிடையே அலை நூல்போல் ஒற்றைக் கோட்டில் வருவதில்லை. நடுவழியில் எட்டு மீற்றர் ஆரையுள்ள உருளைபோலப் பருத்து வருகிறது. கண்ணுக்கு டவர் தெரிகிறதென்பதால் வழி திறந்திருக்கிறதென்று கொள்ளலாகாது. அந்த உருளைக்குள் தலைநீட்டுகிற தென்னைகள் எல்லாம் சுங்கம் வாங்கும், நீர் ஏந்திய ஓலை இரட்டிப்பாய் வாங்கும்.

சந்தையில் கிடைக்கிற 'பூஸ்டர்'களைப் பற்றியும் காக்கா கேட்டார். அவை அன்டெனாவைப்போல் வெறுமனே திசைதிருப்புபவை அல்ல; அலையைப் பெருக்கித் தாமே மீண்டும் பரப்புபவை. செம்மையற்ற ஒன்று டவரின் செவியையே இரைச்சலால் நிறைத்துச் சுற்றுவட்டாரத்தார் எல்லோருக்கும் கேடு செய்யும்; தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியின்றி அதை இயக்குவது சட்டத்துக்கும் முரண். வேண்டாமென்றேன்.

இவ்வளவுக்குப் பிறகும் இஷாத் தொழுகை முடிந்த நேரத்தில் மகனின் முகம் உறைந்தது. அலையின் வலு −90இல் அசையாமல் நின்றது, பக்கத்திலுள்ள இரண்டாவது இலக்கம், அதாவது இரைச்சலுக்குமேல் அலை எவ்வளவு தெளிவாக எழுகிறது என்பதைக் காட்டுவது, நான்கில் கிடந்தது, இருபதானால் உத்தமம். பெட்டி பார்த்திருந்த திசையில் ஊரும், ஊருக்கு அப்பால் வேறு டவர்களின் கூச்சலும் இருந்தன. ஊர் முழுவதும் அந்த ஒரே டவரிடம் அந்த ஒரே மணிக்குக் கையேந்தியது. மறுநாள் அசருக்குப் பின் கூரைமேல் ஏறி, பெட்டியைப் பத்துப் பாகை திருப்புவதும், ஒரு நிமிடம் பொறுப்பதும், கீழிருந்து காக்கா இலக்கத்தைக் கூவுவதுமாய் அரைவட்டம் சுற்றினோம். வட்டைப் பக்கம், வெறும் வயலுக்கு மேலாக, தூரத்து டவர் ஒன்று பிடிபட்டது. வலு −98. தெளிவு பதினேழு.

"வலு குறஞ்சிரிச்சே தம்பி, பழைய பக்கமே திருப்புங்க" என்றார் காக்கா. இரவு வரைக்கும் இப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சி இறங்கினேன். பத்து மணிக்கு அவர் வளவிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. வேளாண்மைக்கு எத்தனை மூடை விழும் என்று மகன் கேட்க, தகப்பனார் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், இடையில் எங்கும் நிறுத்தாமல்.