பழைய காருக்கு வேறு வருஷத்து எஞ்சின் மாட்டலாமா? பொருந்துமா, சட்டம் என்ன சொல்கிறது?

வெள்ளத்தில் நின்ற காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்துவிடும். காற்றை அழுத்துவதுபோல தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும், எஞ்சின் காலி! 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீரில் மூழ்கிய கார்களின் உரிமையாளர்கள் பலருக்கு இந்தக் கவலைதான்.

புது எஞ்சின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அடுத்து எல்லோரும் போகும் இடம் புதுப்பேட்டை மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தை. அங்கே வழக்கமாகக் கேட்கும் வசனம்: "எல்லாம் ஒரே எஞ்சின்தான் சார், தூக்கி மாட்டிடலாம்." உண்மையிலேயே மாட்டிவிடலாமா? பார்க்கலாம்.

ஒரே சிசி என்றால் ஒரே எஞ்சினா?

மாருதி 800, ஆம்னி இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலுமே 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஆனால் 800-ல் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன் சக்கரங்களை ஓட்டும். ஆம்னியிலோ முன் சீட்டுக்கு அடியில் நீளவாட்டில் இருந்து பின் சக்கரங்களை ஓட்டும். அதனால் கியர்பாக்ஸும் வேறு, எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கும் வேறு.

சரி, 800-க்கு 800 எஞ்சினே கிடைத்துவிட்டால்? அங்கேயும் வருஷம் பார்க்க வேண்டும். 1983 முதல் 2014 வரை தயாரான கார் அது. ஆரம்ப கால மாடல்களில் கார்புரேட்டர், பின்னால் வந்தவற்றில் எம்பிஎஃப்ஐ. கார்புரேட்டருக்குக் குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் வந்தாலே போதும். எம்பிஎஃப்ஐ-க்கு அதிக அழுத்தம் தரும் மின்சார பம்ப், சென்சார்கள், தனி வயரிங், எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் இசியூ என்ற கணினி வேண்டும். எஞ்சினை மட்டும் வாங்கி வந்தால் கார் நகராது.

போல்ட் பொருந்தினால் போதாதா?

போதாது. சமீப கால கார்களில் பெரிய சிக்கலே போல்ட்டில் இல்லை, எலெக்ட்ரானிக்ஸில்தான் இருக்கிறது.

ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1,248 சிசி எஞ்சின் நல்ல உதாரணம். ஃபியட் உருவாக்கிய இந்த எஞ்சின், மாருதி, டாடா, ஃபியட் என மூன்று நிறுவனங்களின் கார்களிலும் இருந்தது. ஆனால் ஸ்விஃப்ட்டில் அதன் திறன் சுமார் 75 குதிரைத்திறன். எர்டிகா, சியாஸ் போன்ற கார்களில் சுமார் 90. வித்தியாசத்துக்குக் காரணம், பிந்தையதில் இருப்பது வேறு வகை டர்போ. அதை இயக்கும் இசியூ மென்பொருளும் வேறு. 'பவர் ஏறும்' என்று நம்பி எஞ்சினை மட்டும் மாற்றினால் டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்குதான் எரியும்.

இன்னொன்று, இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சிப்பும் காரின் கணினியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். வேறு காரின் இசியூவை மாட்டினால், உங்கள் சாவியை அது திருடன் கை சாவியாகத்தான் பார்க்கும்.

எந்தப் பாகங்களை மாற்றலாம்?

கதவு, பம்பர், கண்ணாடி, சீட் போன்றவை ஒரே தலைமுறை மாடலுக்குள் பெரும்பாலும் பொருந்தும். பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் விஷயத்தில் விளையாட வேண்டாம். இந்தியாவில் 2019 முதல் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். ஏபிஎஸ் இல்லாத பழைய மாடலின் சக்கர ஹப்பை ஏபிஎஸ் காரில் மாட்டினால், சென்சாருக்கு இடமே இல்லாமல் போகலாம். அவசர பிரேக் அடிக்கும்போதுதான் அதன் விலை தெரியும். ஒருமுறை விரிந்த ஏர்பேக்கை மடித்து மறுபடி பயன்படுத்தவும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இங்கே முக்கியம். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கு நிபந்தனைகளுடன் தனி வழி உண்டு.

அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சின் என்றாலும் சும்மா மாட்டிக்கொண்டு ஓட்ட முடியாது. 10 அல்லது அதற்கு மேல் போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவர்களுக்கு மாநில அரசு இதில் விலக்கு தரலாம். அவர்களும்கூட 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதிய வேண்டும். மற்றவர்கள் எஞ்சினில் கை வைக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெறுவதுதான் சரி. காருக்குக் கடன் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும்.

அனுமதிக்கப்படாத மாற்றம் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க முடியும்.

பதியாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

உடனே தெரியாது. வண்டி நன்றாகத்தான் ஓடும். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போதோ, காரை விற்கும்போதோ, விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போதோ எஞ்சின் நம்பரைப் பார்ப்பார்கள். ஆர்.சி.யில் ஒரு நம்பர், எஞ்சினில் வேறு நம்பர் என்றால் அங்கேயே சிக்கல். வாங்கிய எஞ்சின் திருட்டு வண்டியுடையது என்றால், விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

வாங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

* எஞ்சின் நம்பர் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். தேய்த்தோ, அழித்தோ இருந்தால் தொடவே வேண்டாம்.
* எஞ்சின் நம்பர் எழுதிய பில்லும், அது வந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கேளுங்கள். 'அதெல்லாம் எதுக்கு சார்' என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.
* அந்த வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் சரிபார்க்கலாம்.
* எஞ்சினோடு இசியூ, வயரிங், சாவி ஆகியவையும் சேர்ந்து கிடைக்குமா என்று மெக்கானிக்கை வைத்துக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்கள் எஞ்சினின் பிளாக் உடைந்திருக்கிறதா, இல்லை உள்ளே இருக்கும் பாகங்கள் மட்டும்தான் போயிருக்கிறதா? எஞ்சின் நம்பர் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில்தான். அது நன்றாக இருந்தால் பிஸ்டன், கனெக்டிங் ராடு, சிலிண்டர் ஹெட் ஆகியவற்றை அதே மாடலுக்கு உரியதாக மாற்றி எஞ்சின் வேலை பார்த்துவிடலாம். நம்பரும் மாறாது, ஆர்.சி.யும் மாறாது. எஞ்சினைத் திறந்து பார்க்காமலேயே 'வேற எஞ்சின் போட்டுடலாம்' என்று சொல்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.